டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: "நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்குபவர்களுக்கு

டீம் லீட் பொறுப்பு தேடி வரும், இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். வேலையும் நன்றாகவே தெரியும். ஆனாலும் பத்துப் பேர் முன்னால் எழுந்து பேச வேண்டும் என்றதும் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று வாய்ப்பையே விட்டுவிடுபவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு நாள் தன்னம்பிக்கை வகுப்புகளைவிட, கூட்டத்தின் முன் பேசிப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் எந்தக் கிளப் என்பதைப் பார்த்துச் சேர வேண்டும்.

1924-ல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது இது. ஆசிரியர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் திருத்துகிறார்கள். அதனால்தான் கிளப்புக்குக் கிளப் தரம் இவ்வளவு மாறுகிறது.

போன முதல் நாளே பேச வேண்டியதில்லை. சேர்ந்ததும் டைமர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை உரிய நேரத்தில் காட்டி, கடைசியில் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று தாளைப் பார்த்து வாசித்தால் போதும். அடுத்த முறை ஆ-கவுண்டர். பேசுபவர்கள் "ம்...", "வந்து...", "அதாவது..." என்று இழுப்பதை எண்ணும் வேலை. நன்றாகப் பேசுகிறார் என்று நினைத்தவரும் ஐந்து நிமிடத்தில் பத்து முறை இழுத்திருப்பார். கையில் கோடு போட்டு எண்ணும்போதுதான், தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதில்லை என்பது உறைக்கும்.

பிறகு டேபிள் டாபிக்ஸ், அதாவது தயாரிப்பில்லாமல் பதில் சொல்லும் பகுதி. கேள்வி அங்கேயேதான் தெரியும். 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். பச்சை 1 நிமிடத்தில், மஞ்சள் ஒன்றரையில், சிவப்பு 2-ல். இன்டர்வியூவுக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி கிடையாது. இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, கேள்வி முடிவதற்குள் பதிலை ஆரம்பிப்பது. கேள்வியை நிதானமாக ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். அந்த ஐந்து நொடியில் உங்கள் பதில் என்ன என்று முடிவு செய்து, அதற்கு ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னாலே பச்சை தாண்டிவிடும்.

முதல் தயாரித்த உரைக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர், 4 முதல் 6 நிமிடம். உங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். முழுவதையும் மனப்பாடம் செய்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்: ஒரு வரி விட்டுப்போனால் அதற்கடுத்த வரியும் வராது. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவே மூன்று குறிப்புச் சொற்கள் போதும்.

எங்கள் கணக்கில் இந்தத் திட்டத்திலேயே மிகச் சிறந்தது, பாத்வேஸ் பாடத்திட்டத்தின் முதல் நிலையில் வரும் மதிப்பீட்டுப் பயிற்சி. ஓர் உரை நிகழ்த்தி, அதன் குறைகளைக் கேட்டு, அடுத்த உரையில் அவற்றைச் சரிசெய்து காட்ட வேண்டும். பின்பு இன்னொருவரின் உரையை நீங்கள் மதிப்பிட வேண்டும். "நான் மோசமாகப் பேசினேன்" என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "கடைசி ஒரு நிமிடம் தலையைத் தூக்கவே இல்லை" என்றால் அடுத்த முறையே திருத்தலாம். தன்மேல் உள்ள சந்தேகம் இப்படித்தான் திருத்தக்கூடிய துண்டுகளாக உடைகிறது.

பல கிளப்புகள் கோட்டைவிடுவதும் இங்கேதான். "அருமை, தொடருங்கள்" என்று முகத்துக்காகப் பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே பேசுவதற்கு முன்பே மதிப்பீட்டாளரிடம் போய், "என் வேகத்தை மட்டும் கவனியுங்கள்" என்பது போல ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

விருந்தினராகப் போக வழக்கமாகக் கட்டணம் இல்லை. மூன்று கிளப்புகளையாவது பாருங்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்குகிறார்களா? எல்லாப் பொறுப்பும் அதே நான்கு பேரிடம் சுற்றுகிறதா? மதிப்பீட்டில் குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய ஒரு குறையாவது வந்ததா? கல்விப் பொறுப்பில் இருக்கும் துணைத் தலைவரிடம் "எனக்கு ஐஸ் பிரேக்கர் எப்போது கிடைக்கும்?" என்று கேளுங்கள். தேதி சொல்லாமல் மழுப்பினால் அடுத்த கிளப்புக்குப் போகலாம். ஆங்கிலம்தான் தயக்கத்துக்குக் காரணம் என்றால் தமிழில் நடக்கும் கிளப்பில் தொடங்குங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அவை உண்டு. மேடைப் பயம் கழன்ற பிறகு ஆங்கிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகத் தூக்குபவர்கள்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேர 20 டாலர். கிளப்பின் கட்டணம் தனி. புதுப்பிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். இடையில் சேர்ந்தால் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும்.

அடுத்த வாரமே இன்டர்வியூ என்பவருக்கு இது உதவாது. கூட்டம் என்று நினைத்தாலே தூக்கம் போய், அன்றாட வேலையே கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று கூட்டம் வரும். அதற்குள் நான்கு உரைக்காவது உங்களுக்கு இடம் தராத கிளப்பில் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.