அடாப்டில் டிஃப்யூசர்: குட்டி போட்ட நாய்க்கு வாங்கலாமா?

நாயின் பதற்றத்தைத் தணிக்கவென்று விற்கிற மெஷின் இது. பார்க்கக் கொசு விரட்டி மெஷின் மாதிரியே இருக்கும், வேலை செய்யும் விதமும் அப்படித்தான். பாட்டிலைத் திருகி பிளக்கில் சொருகினால் சூடாகி ஆவியாகும், நமக்கு வாசனையே தெரியாது. 48 மில்லி பாட்டில் ஒரு மாதம் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை போதும் என்கிறது கம்பெனி.

எங்கள் டாலிக்காக வாங்கியது (பொமேரியன் என்று சொல்லிக் கொடுத்தார்கள், அசல் இந்தியன் ஸ்பிட்ஸ்). முதல் ஈத்து. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கட்டிலடிக்குப் போவாள், அங்கே வைத்துவிட்டு அடுத்ததைத் தேடி வருவாள், அப்புறம் முதல் குட்டியையே தூக்கிக்கொண்டு திரும்பப் பெட்டிக்கு வருவாள். காலிங் பெல் அடித்தால் போச்சு, எல்லாம் முதலிலிருந்து. பிரசவத்துக்குச் சற்று முன்னால் சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்கி, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது, குட்டி பால் குடிக்கும்போதெல்லாம் தாய்ப்பாசத்தைத் தூண்டும் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. குட்டி மேல் பாசமும் வருகிறவர் போகிறவர் மேல் சந்தேகமும் சேர்ந்தே வருகிற நேரம் அது.

இந்த பாட்டிலில் இருப்பது பால் கொடுக்கும் தாய் நாயின் மடிக்காம்புகளுக்கு நடுவிலுள்ள தோலில், குட்டி போட்ட 3 முதல் 5 நாளுக்குள் தானாகவே சுரக்கத் தொடங்கும் பெரமோனின் (ஒரு விலங்கு இன்னொன்றுக்கு மோப்பம் வழியாகச் சேதி சொல்லும் சுரப்பு) நகல். பிரான்சில் பாட்ரிக் பஜா என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தது. குட்டிகளைச் சமாதானப்படுத்த இயற்கை வைத்த சரக்கைத் தாய்க்கே நாம் திருப்பிக் கொடுக்கிறோம், வேடிக்கைதான். அதனால் அவளுக்கே அது சுரக்கத் தொடங்காத அந்த முதல் சில நாளில்தான் இதற்கு அதிக வேலை என்பது என் கணிப்பு, பிரசவத்துக்கு முன்பே சொருகி வைப்பது நல்லது.

பலன்? டாலி குட்டி தூக்குவது குறைந்தது, பெல் சத்தத்துக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஆனால் அதே சமயம் பெட்டியை இருட்டான உள்ளறைக்கு மாற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம், எது வேலை செய்தது என்று சத்தியம் பண்ண முடியாது. 2010-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வும், இந்த வகைப் பெரமோன்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் பொதுவாகச் சொன்னது. நம் வீடுகளில் ஜன்னல் திறந்து ஃபேன் சுழல்வதையும், கரண்ட் போனால் மெஷினும் நின்றுவிடுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல்தான். மூச்சு வாங்கினாலும் நடுங்கினாலும் இதைச் சொருகினால் அடங்கிவிடும் என்றார். அது பதற்றமாக இல்லாமல் ரத்தத்தில் கால்சியம் இறங்கியதாகவும் இருக்கலாம். சின்ன ஜாதி நாய்களுக்கு, அதுவும் குட்டி நிறைய இருந்தால், முதல் நான்கு வாரத்தில் வருவது: இளைப்பு, நிலைகொள்ளாமை, கால் விறைத்த நடை, நடுக்கம், அப்புறம் வலிப்பு. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும், கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். சினையாக இருந்தபோதே கால்சியம் சிரப்பையும் தலையில் கட்டப் பார்த்தார் அதே மனிதர். சினைக் காலத்தில் அதிகம் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து தானாகக் கால்சியம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும், பிரசவத்துக்குப் பிறகு சிக்கல் கூடும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஆன்லைனில் வாங்கினால் பிளக் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு விற்றவர் இங்கிலாந்து பிளக் வைத்ததை அனுப்பிவிட்டார், அடாப்டர் தனிச் செலவு. கட்டிலுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ சொருக வேண்டாம், நிமிர்ந்த நிலையில் திறந்த சுவரில் இருக்கட்டும்.