குளிர்காலத்துக்கு மராகேஷா, ஃபெஸ்ஸா?

டிசம்பர், ஜனவரியில் மொராக்கோ போகலாம் என்று முடிவு செய்கிறவர்கள் கொஞ்ச நாளில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். இரண்டும் பழைய அரசத் தலைநகரங்கள். இரண்டின் மதீனாவும், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரமும், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ஃபெஸ் 1981-லும் மராகேஷ் 1985-லும் ஏறின. ஸூக் என்னும் கடைவீதிச் சந்துகள், மதரஸா என்னும் பழைய கல்விக்கூடங்கள், ஹம்மாம் என்னும் பொது வெந்நீர்க் குளியலிடங்கள், தோல் பதனிடும் தொட்டிகள் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஏப்ரலில் யாராவது கேட்டால் யோசிக்காமல் ஃபெஸ் என்றுதான் சொல்வேன். ஜனவரி என்றால் மராகேஷ். பகலை வைத்துச் சொல்லவில்லை, ராத்திரியை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மராகேஷில் ஜனவரிப் பகல் 18, 19 டிகிரி வரை ஏறும், ராத்திரி 6 டிகிரிக்கு இறங்கும். ஃபெஸ்ஸில் பகல் 15, 16, ராத்திரி 4 வாக்கில். காகிதத்தில் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் மராகேஷில் அந்த 18 டிகிரியோடு வெயிலும் சேர்ந்து வருகிறது, மதியம் மொட்டைமாடிக் கஃபேயில் உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடுவீர்கள். ஃபெஸ்ஸில் வருடத்துக்குப் பெய்யும் மழை மராகேஷைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதில் பெரும்பகுதி நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் கொட்டுகிறது. மேகம் மூடிய நாளில் அந்த 15 டிகிரி வேறு மாதிரிக் குளிரும்.

அப்புறம் தங்குமிடம். இரண்டு ஊரிலும் எல்லோரும் ஆசைப்படுவது ரியாத்தில் தங்கத்தான். வெளிப்பக்கம் ஜன்னலே இல்லாமல், நடுவில் முற்றம் வைத்து, அந்த முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும்படி கட்டிய வீடு அது. தடித்த சுவர், உயரமான கூரை, தரையிலும் சுவரிலும் ஸெல்லிஜ் என்னும் வண்ணப் பளபளப்பு ஓடுகள். எல்லாமே ஜூலை மாதம் 40 டிகிரியிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு, அதே ஏற்பாடுதான் ஜனவரியில் ஆளை நடுங்க வைக்கிறது. கொடைக்கானலில் பழைய பங்களா விடுதியில் ஜனவரி ராத்திரியைக் கழித்தவர்களுக்கு இந்தக் குளிர் தெரியும், வெளியே நிற்பதைவிட அறைக்குள் அதிகமாகக் குளிரும். படத்தில் அழகாகத் தெரியும் மொட்டைமாடிக் குட்டி நீச்சல் குளம் பெரும்பாலும் சூடுபடுத்தாதது, அதற்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம். முன்பதிவு செய்வதற்கு முன்னால் எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அறைக்குள் வெப்பக் காற்று தரும் ஏசி இருக்கிறதா, அது ராத்திரி முழுக்க ஓடுமா? "ஹீட்டர் உண்டு" என்று மட்டும் பதில் வந்தால் அது முற்றத்து ஓரத்தில் இருக்கும் ஒரு கேஸ் அடுப்பாகவும் இருக்கலாம். மராகேஷில் பணக்காரச் சுற்றுலா அதிகம் என்பதால் நன்றாகச் சூடாகும் ரியாத்துகள் நிறையக் கிடைக்கின்றன. ஃபெஸ்ஸிலும் இருக்கின்றன, ஆனால் தேட வேண்டும். அங்கே அதே காசுக்கு இன்னும் பெரிய, இன்னும் பழைய வீடு கிடைக்கும் என்பது உண்மை. பெரிய வீடு என்றால் பெரிய குளிர் என்பதும் உண்மை.

இன்னொரு விஷயம், இது பலருக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. 2018-லிருந்து மொராக்கோ, ரமலான் மாதம் தவிர, வருடம் முழுக்கக் கடிகாரத்தை ஜிஎம்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறது. அதனால் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் உதிப்பதே காலை எட்டரைக்கு. ஆறு மணிக்கு எழுந்து கூட்டம் வருவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டால் இருட்டில் நின்று பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். மாலையில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கிறது, ஆகவே அன்றன்றைய திட்டத்தையே கொஞ்சம் தாமதமாகத் தொடங்குவது நல்லது. ஃபெஸ்ஸின் சந்துகளோ ஒடுக்கம், இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், பத்து மணிக்கு மேலும் தரைக்கு வெயில் வந்து சேராத இடங்கள் இருக்கின்றன.

நடப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மராகேஷ் மதீனா தட்டையான தரை, அட்லஸ் மலையடியில் இருக்கும் சமவெளி ஊர். வழி தவறினாலும் குத்துபியா மசூதியின் மினாரத்தைத் தேடிப் பிடித்து மீண்டுவிடலாம், கிட்டத்தட்ட 77 மீட்டர் உயரம், சுற்றி அதோடு போட்டி போட ஒன்றும் இல்லை. தொந்தரவு என்றால் மோட்டார் சைக்கிள்கள். சந்துக்குள்ளேயே புகையைக் கக்கிக்கொண்டு முழங்கையை உரசிப் போவார்கள், எனக்கு அந்த ஊரில் பிடிக்காத ஒன்று அதுதான். ஃபெஸ்ஸின் பழைய மதீனாவான ஃபெஸ் எல் பாலிக்குள் கார் கிடையாது, சரக்கெல்லாம் கோவேறு கழுதை மேல்தான், "பாலக்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பாப் பூஜ்லூத் வாசலிலிருந்து தலா கபீரா தெரு வழியாக கரவிய்யீன் மசூதி வரை முழுக்க இறக்கம், அப்படியானால் திரும்பும்போது முழுக்க ஏற்றம். மழை பெய்த நாளில் அந்தக் கற்கள் வழுக்கும், கழுதைச் சாணமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முழங்கால் வலி இருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மராகேஷை எடுத்துக்கொள்ளலாம்.

பார்க்க என்ன இருக்கிறது என்று வந்தால் ஃபெஸ்தான் கனமான ஊர், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 859-இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் அங்கே இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். 14-ஆம் நூற்றாண்டின் அத்தாரீன், பூ இனானியா மதரஸாக்களுக்குள் போகலாம், அந்தச் சுண்ணச் செதுக்கலையும் தேவதாரு மர வேலையையும் நெருக்கியடிக்காமல் பார்க்க ஜனவரியைவிட நல்ல மாதம் இல்லை. ஸஃப்ஃபாரீன் சதுக்கத்தில் செம்பு தட்டுகிறவர்கள் நமக்காகத் தட்டுவதில்லை, அவர்களுக்கு ஆர்டர் இருக்கிறது, தட்டுகிறார்கள். ஷுவாரா தோல் தொட்டிகளுக்கு மேலே இருக்கும் கடை மாடிகளில் நாற்றத்தைச் சமாளிக்கப் புதினாக் கொத்து கையில் தருவார்கள், குளிர்காலத்தில் நாற்றம் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். கீழே தொட்டிக்குள் தொடையளவு நீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட மாதம் என்பது வேறு கதை.

மராகேஷில் கட்டிடங்கள் இவ்வளவு இல்லை. பென் யூசுஃப் மதரஸா, ஸாதியர் அரச வம்சத்தின் கல்லறைகள், பாஹியா அரண்மனை, அவ்வளவுதான் முக்கியமானவை. மஜோரெல் தோட்டத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தோட்டமே தெரியாது. ஆனால் அந்த ஊரிடம் ஜெமா எல் ஃப்னா சதுக்கம் இருக்கிறது. 2001-இல் யுனெஸ்கோ அந்தச் சதுக்கத்தின் வாய்மொழி மரபையே பாரம்பரியமாக அறிவித்தது, கட்டிடத்தை அல்ல. சாயங்காலம் புகையும் பறை ஓசையும் கிளம்பும்போது, குளிர் ஏற ஏற, அந்த இடத்துக்குச் சுவை கூடுகிறது. கோடையில் அதே அடுப்புகளுக்கு நடுவில் வேர்த்து வழிய நிற்க வேண்டும். ஜனவரியில் ஒரு கிண்ணம் ஹரீரா என்னும் தக்காளி, பருப்பு சூப்போ, துணிவிருந்தால் மசாலா நீரில் வேகும் நத்தை சூப்போ வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டு நிற்கலாம்.

சாப்பாட்டில் இரண்டு ஊரும் விட்டுக்கொடுக்கவில்லை. மராகேஷின் தன்ஜியா ஒரு மண் ஜாடி சமையல்: இறைச்சி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறிய எலுமிச்சை எல்லாவற்றையும் ஜாடியில் போட்டு, வாயைக் கட்டி, ஹம்மாமுக்கு நீர் காய்ச்சும் உலையின் சாம்பலில் மணிக்கணக்காகப் புதைத்து வைப்பார்கள். ஃபெஸ்ஸின் பதில் பிஸாரா. உலர்ந்த மொச்சை வகைப் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவி, ரொட்டியோடு கொடுப்பது, கூலி வேலைக்காரர்களின் காலைச் சாப்பாடு, மிகவும் மலிவு. சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல குளிர்காலச் சாப்பாடு இரண்டு ஊரிலும் கிடையாது, ஃபெஸ்ஸுக்கு இதில் ஒரு மதிப்பெண் அதிகம் போடுகிறேன். தேநீரிலும் ஒரு மாற்றம் நடக்கும், குளிர் மாதங்களில் புதினாவோடு ஷீபா என்ற கசப்பு மூலிகையைச் சேர்ப்பார்கள், கேட்டு வாங்கிக் குடியுங்கள். ஆரஞ்சும் அப்போதுதான் சீசன்.

பனி பார்க்க வேண்டும் என்றால்? மராகேஷ் மாடியில் நின்றாலே தெரியும், பனை மரங்களுக்குப் பின்னால் வெள்ளையாக ஹை அட்லஸ், மழை விட்ட மறுநாள் கூர்மையாகத் தெரியும். சுமார் 75 கிலோமீட்டரில் உகைமெதன் பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. 4,167 மீட்டர் துப்கால் சிகரத்துக்குப் போகிறவர்கள் இம்லில் கிராமத்தில் தொடங்குவார்கள், குளிர்காலத்தில் அது பனிக்கோடாரியும் கிராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) கேட்கும் ஏற்றம், சும்மா நடை அல்ல. 2023 செப்டம்பர் நிலநடுக்கம் அதிகம் உலுக்கியது இந்த மலைக் கிராமங்களைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வர்ஸாஸாத் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: திஸி ந் திஷ்கா கணவாய் 2,260 மீட்டரில் இருக்கிறது, பனி விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள், மறுநாள் விமானத்தை நம்பி அந்தப் பக்கம் போகாதீர்கள். ஃபெஸ் பக்கம் இஃப்ரான் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மலை ஊர், சாய்ந்த கூரைகள். 1935 பிப்ரவரியில் அங்கே பதிவான மைனஸ் 23.9 டிகிரிதான் ஆப்பிரிக்காவின் மிகக் குறைந்த வெப்பநிலை என்பார்கள். அருகில் அஸ்ரூ காட்டில் தேவதாரு மரங்களும் பார்பரிக் குரங்குகளும். பனிக்காக மட்டும் என்றால் இது ஃபெஸ் பக்கம்தான், ஒரே நாளில் போய் வரலாம்.

"எனக்குக் குளிரே ஆகாது" என்கிறவர்கள் அகாதிர் போகிறார்கள். பகல் 20 டிகிரிக்கு மேல், நல்ல கடற்கரை, ஆனால் 1960 நிலநடுக்கத்தில் பழைய ஊர் அழிந்து புதிதாகக் கட்டிய நகரம், மதீனா தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். நான் சொல்வது கடற்கரை ஊரான எஸ்ஸவீரா. மராகேஷிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், சின்ன மதீனா, மீன் துறை, ராத்திரி வெப்பநிலை மராகேஷைவிடச் சில டிகிரி அதிகம், கடல் பக்கம் என்பதால். காற்றுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் அந்தக் காற்றின் உக்கிரமெல்லாம் கோடையில். குளிர்கால மராகேஷ் பயணத்தோடு இரண்டு ராத்திரி இங்கே சேர்த்துக்கொண்டால் கச்சிதம்.

தேதியைப் பற்றி: கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மராகேஷில் விலை எகிறும், ஐரோப்பாவே வந்து இறங்கும். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து இறங்கிவிடும். ரமலானையும் பாருங்கள், அது இப்போது குளிர்காலத்துக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது, 2027-இல் பிப்ரவரி 8 வாக்கில், 2028-இல் ஜனவரி 28 வாக்கில் தொடங்கும். பகலில் சாப்பாட்டுக் கடைகள் குறையும், மாலையில் ஊர் விழித்துக்கொள்ளும். மராகேஷில் சுற்றுலாக் கடைகள் திறந்தே இருக்கும், ஃபெஸ் மதீனாவில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டையும் பார்த்தே தீருவேன் என்றால், ரயிலில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம், காசாபிளாங்கா, ரபாத் வழியாக. காசாபிளாங்காவில் விமானம் இறங்குகிறவர்கள் முதலில் ஃபெஸ் போங்கள், ராத்திரிக் குளிரை ஊர் சுற்றும் உற்சாகம் இருக்கும்போதே முடித்துவிட்டு, அப்புறம் தெற்கே மராகேஷ் வெயிலுக்கு வாருங்கள். எதிர்த்திசையில் போனவர்கள் ஃபெஸ்ஸைத் திட்டிக்கொண்டே திரும்புகிறார்கள், பாவம், அந்த ஊர் மீது தப்பில்லை.