ரங்கூன் – மோல்மீன் ரயிலில் சாப்பாடு: பல வருட அனுபவம்

பர்மாவில் எனக்கு வேலை ரங்கூனில், வீடு மோல்மீனில். அதனால் இந்த ரயில் பல வருடப் பழக்கம். பெகு, சைத்தோ, தட்டோன், மொட்டமா என்று பகல் முழுக்கப் போகும் பயணம் இது. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பிச் சாப்பாட்டைத் திட்டமிடக் கூடாது. நம் ஆட்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வழியில் விற்பதைச் சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கடை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பண்டத்தை எப்போது செய்தார்கள் என்று பாருங்கள்.

காலையில் என் முதல் தேர்வு மொய்ங்காதான், அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். ரங்கூன் பெரிய ஸ்டேஷனைச் சுற்றி விடியும் முன்பே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, வாழைத்தண்டு போட்டு, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. நான் பார்ப்பது பானையைத்தான். ஓரத்தில் கொதி வந்துகொண்டே இருந்தால் உட்காருவேன், அடுப்பு அணைந்திருந்தால் அடுத்த கடை. நான் வழக்கமாகப் போகும் இடத்தில் அந்த அம்மா நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் குழம்பை ஊற்றி, அதைப் பானையிலேயே வடித்துவிட்டு மறுபடி ஊற்றுவார். ஆறிப்போன நூடுல்ஸ் அடிவரை சூடேறிவிடும். மேலே பேஜோ என்ற பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவினால் மதியம் வரை வயிறு தாங்கும். இதைப் பார்சல் வாங்கி ரயிலில் ஏறாதீர்கள். இந்த வண்டி ஆடுகிற ஆட்டத்தில் சூடான குழம்புப் பை மடியில்தான் உடையும்.

டீக்கடையில் கெட்டிப்பால் போட்ட டீ நன்றாகவே இருக்கும். மேஜைமேல் பிளாஸ்கில் வைத்திருக்கும் வெறும் தேத்தண்ணீருக்குக் காசு கிடையாது. வெயில் நாளில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

பெகு வந்ததும் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஜன்னலோரம் வருவார்கள். அவித்த சோளம், காடை முட்டை, பயறு சேர்த்து ஆவியில் வெந்த கவுனி அரிசி மூன்றையும் யோசிக்காமல் வாங்கலாம். கவுனிமேல் தேங்காய்ப் பூவும் எள்ளும் உப்பும் தூவித் தருவார்கள், அருமையாக இருக்கும். முட்டை ஓடு விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பொட்டலம் கட்டிய கோழிக்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்டேஷனில் பிற்பகலில் அதை வாங்கிச் சாப்பிட்ட என் தம்பி மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லை. காலையில் சமைத்தது அந்த வெயிலில் எப்படித் தாங்கும்?

அத்தோ என்ற பிசைந்த நூடுல்ஸை வண்டி ஏறும் முன் காலையிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. நேரம் ஆக ஆக நறுக்கிய முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் கெட்டுப்போகும். காசு வாங்குவது ஒருவர், பிசைவது வேறொருவர் என்று இருக்கும் இடத்தில் மட்டும் நான் வாங்குவேன்.

சைவக்காரர்களுக்குத்தான் உண்மையான கஷ்டம். வெள்ளிக்கிழமை விரதம், பங்குனி உத்திரம் என்று கோயிலுக்குக் கிளம்பும் அக்கா, அத்தைமார் இந்த ரயிலில் நிறையப் பேர். மொய்ங்கா மீன் குழம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெறும் காய்கறிபோல் தெரியும் பண்டத்திலும் மீன் சாறோ, காய்ந்த இறால் பொடியோ, ஙாப்பி என்ற புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுதோ இருக்கும். "சைவமா?" என்று கேட்டால், இறைச்சி இல்லை என்ற அர்த்தத்தில் தலையாட்டுபவர்களும் உண்டு. அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு மீன் சாறு உப்பு மாதிரி. ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மீன் சாறு போட்டீர்களா, இறால் போட்டீர்களா, ஙாப்பி உண்டா. சோளம், கவுனி, வேர்க்கடலை, பழம் இவற்றில் பயமில்லை. டீக்கடையில் நாண் ரொட்டிக்கு அவித்த பயறு தருவார்கள், அதுவும் சரி. எங்கள் அத்தை எதையும் நம்பாமல் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் ஏறுவார், அவர் செய்வதும் நியாயம்தான்.

தண்ணீர் விஷயத்தில் மூடி சீல் உடையாத பாட்டில் மட்டும்தான். பிளாட்பாரத்தில் புண்ணியத்துக்கு வைத்திருக்கும் மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், வைத்தவர் மனசும் பெரிது. ஆனால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கரும்புச் சாற்றை ஐஸ் இல்லாமல் கேளுங்கள்.

தன்ல்வின் ஆற்றின் மேல் பாலம் வருவதற்கு முன்பெல்லாம் ரயில் மொட்டமாவோடு நின்றுவிடும், அப்புறம் படகில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். இப்போது நேராக மோல்மீன் போகலாம். இந்தப் பக்கத்து பம்ப்ளிமாஸுக்குத் தனி ருசி உண்டு. உரித்து வைத்த சுளையை விட முழுப் பழமாக வாங்குவது மேல், வீடு போய்ச் சேரும்வரை கெடாது.

கடைசியாக, சில்லறை நோட்டு கையில் வைத்திருங்கள். வண்டி நகர்ந்த பிறகு பெரிய நோட்டை நீட்டினால், அந்தப் பெண் தலையில் தட்டோடு பிளாட்பாரம் முடியும்வரை ஓடி வந்து மீதி கொடுப்பாள். விழுந்துவிடப் போகிறாளே என்று எனக்குப் பதறும்.