3×3 பந்து: பெண்கள் வாங்கலாமா?

அரை கோர்ட்டில் அணிக்கு மூன்று பேராக ஆடும் 3×3 கூடைப்பந்துக்கான பந்தைச் சென்னை பெரியமேட்டில் கேட்டேன், கடைக்காரர் பெண்கள் ஆடும் சாதாரண 6ஆம் சைஸ் பந்தை எடுத்து நீட்டினார். அது இல்லை. சுற்றளவு ரெண்டுக்கும் ஒன்றுதான், சுமார் 72 செ.மீ., ஆனால் 3×3 பந்தில் இருப்பது ஆண்கள் ஆடும் 7ஆம் சைஸின் எடை. பெண்கள் பந்தைவிட ஐம்பது கிராம் போல அதிகம். ஐம்பது கிராம் என்ன பெரிசு என்று தோன்றும், முதல் நாள் ரிங்கைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் வளைவுக்கு வெளியே நின்று போட்டுப் பாருங்கள், ரிங்கைத் தொடாமலே விழும்.

வெட்டவெளியில் ஆடுவதால் காற்றுக்கு அலையக் கூடாது, அதனால் எடை. அளவு சின்னது என்பதால் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பந்து. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனி பெண்கள் ஸ்பெயினை 17-16 என்று வென்ற இறுதியாட்டம் இந்தப் பந்தில்தான். அதற்கு முன் அரையிறுதியிலும் கனடாவை ஒரே புள்ளியில்தான் தாண்டினார்கள், 16-15. பத்து நிமிட ஆட்டம், பந்து கைக்கு வந்தால் 12 நொடிக்குள் போட்டாக வேண்டும், மாற்றாள் ஒருத்தி மட்டும், கோர்ட் ஓரத்தில் கோச்சும் கிடையாது. எதிரணி கூடை போட்டாலும் மூச்சு வாங்க நேரமில்லை, வலைக்கடியில் பந்தை எடுத்து உடனே வளைவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளிருந்து போட்டால் 1, வெளியிலிருந்து 2, அதாவது அப்படியே இரட்டிப்பு. ஏழாவது நிமிடத்தில் கை சோர்ந்துபோன பிறகு அந்த இரண்டைப் போடும்போதுதான் எடை என்ன என்று தெரியும்.

2013இல் தோஹாவில் முதல் ஆசிய 3×3 போட்டியில் தங்கம் வென்றது இந்தியப் பெண்கள் அணி, இந்திய அணியின் முன்னாள் கேப்டன், நம்ம அனிதா பால்துரை ஆடிய அணி. இன்னமும் கடையில் இந்தப் பந்தை விளக்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது!

சரி, நான் வாங்கிய பந்து. ரப்பர், சிமெண்ட் தரைக்கு அதுதான் தாங்கும். பிடிமானம் அருமை, வியர்த்த கையிலும் வழுக்கவில்லை. வால்வுதான் மோசம்: ராத்திரி காற்றடித்து வைத்தால் காலையில் முழங்கால் வரைகூட எழும்பவில்லை. மாற்றித் தந்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இப்போது இருப்பது பரவாயில்லை.

ஐவர் ஆட்டத்தில் மாவட்ட செலக்‌ஷனுக்குப் போகிற பெண்கள் இப்போதைக்கு இதைத் தொட வேண்டாம், ஷூட்டிங் கெட்டுவிடும். அரை கோர்ட்டில் 3×3 மட்டும் ஆடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள், அப்புறம் காற்றடிக்கும் ஊசியையும் மறக்காமல் கேளுங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள்.