பூவோடு வரும் யூபோர்பியா கன்று: பணம் கட்டும் முன் வேரைக் கேளுங்கள்

முள் நிறைந்த சதைத் தண்டில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் யூபோர்பியா வளர்க்க ஆசைப்பட்டு ஆன்லைனில் கன்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பூவோடு வரும்", "அரிய நிறங்கள்", "நீல யூபோர்பியா" என்றெல்லாம் விளம்பரம் பார்த்து ஆர்டர் போடப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையைப் பலரும் செய்கிறார்கள், கடைப் பெயரை மாற்றிக்கொண்டும் செய்கிறார்கள். ஏமாற்றும் முறை தெரிந்துவிட்டால் எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் வாங்கியது எட்டு நிறங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. தாய்லாந்து கலப்பினம், பெரிய பூ, எல்லாமே நன்றாக வேர் பிடித்த கன்றுகள் என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு, ரோஸ், மஞ்சள், வெள்ளை, இரட்டை நிறம் என்று பல, அதோடு ஒரு நீலம். நீலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்ததால் முன்பே கேட்டேன். "எங்கள் தோட்டத்திலேயே பூத்தது, படம் எடுத்து அனுப்புகிறோம்" என்றார்கள், அனுப்பவும் செய்தார்கள்.

பார்சலைப் பிரித்தபோது குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இலைகள் நல்ல பச்சை. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் பூங்கொத்து. சின்னக் கறுப்புப் பைகளில், மேலே தேங்காய் நார்த்தூள் தூவி, அழகாகத்தான் வந்திருந்தன. கூடவே ஒரு பராமரிப்புச் சீட்டு. தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும், நேரடி வெயிலில் வைக்கக் கூடாது, செடியின் பாலுக்கு மருத்துவக் குணம் உண்டு, மருவின் மேல் தடவலாம் என்று அதில் இருந்தது. இந்த மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை. மூன்றாவது ஆபத்தானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் அடி இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தண்டு சுருங்கியது. மண் ஈரமாக இருக்கும்போதே தண்டு சுருங்கினால் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். "இடம் மாறிய அதிர்ச்சி, சரியாகிவிடும், தண்ணீரை நிறுத்தாதீர்கள்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினால், வேர் வளர்ச்சிக்கு ஒரு மருந்து இருக்கிறது, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்படியே பொறுத்துப் பாருங்கள், பொறுத்துப் பாருங்கள் என்று இழுத்ததில், திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு முடிந்தது. அதன் பிறகு அவர்களிடமிருந்து பதிலே இல்லை.

ஒரு தண்டு சாய்ந்து விழுந்தபோதுதான் பையைக் கிழித்துப் பார்த்தேன். வேர் என்று ஒன்று இல்லவே இல்லை. சாய்வாக வெட்டிய குச்சி, வெட்டுவாய்கூட ஆறாமல், கறுத்து, கொழகொழவென்று இருந்தது. மற்றவற்றையும் பிரித்தேன். ஒன்றே ஒன்றில் நூல் போல நாலைந்து வேர். மீதி எல்லாம் வெறும் குச்சி.

எப்படி இத்தனை நாள் உயிரோடு இருப்பதுபோலத் தெரிந்தது? இந்த மோசடி முழுக்க நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூபோர்பியாவின் தண்டு சதைப்பற்றுள்ளது, தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெட்டிய குச்சிகூட அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இலையைத் தாங்கும். பூவும் அப்படித்தான். நாம் இதழ் என்று நினைக்கும் அந்த இரண்டு வண்ணத் துண்டுகள் உண்மையில் பூவடிச் செதில்கள், அதாவது பூவை ஒட்டி நிற்கும் நிறம் ஏறிய இலைகள். அசல் பூ நடுவில் இருக்கும் சின்ன மொட்டு போன்ற பகுதி. செதில்கள் இதழ்களைப் போலச் சீக்கிரம் வாடி உதிராமல் நெடுநாள் நிற்கும். ஆகவே பூத்த தாய்ச்செடியிலிருந்து நுனியை நறுக்கி, பையில் செருகி, மறுநாளே அனுப்பினாலும் உங்கள் கைக்கு வரும்போது பூத்துக் குலுங்கும் கன்றாகத்தான் தெரியும். செடி செத்துவிட்டது என்று நமக்குத் தெரிய வரும் நாளும், புகார் செய்யும் காலக்கெடு முடியும் நாளும் இவர்களுக்கு அத்துப்படி. நடுவில் உள்ள நாட்களைக் கடத்துவதுதான் அந்த "பொறுத்துப் பாருங்கள்".

முறையாகச் செய்பவர்கள் நுனித் தண்டை 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுவார்கள். வடியும் பாலைத் தண்ணீரில் கழுவி நிறுத்துவார்கள். பிறகு சில நாள் நிழலில் உலர்த்தி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகே மணல் கலந்த கலவையில் நடுவார்கள். பூவைக் கிள்ளிவிடுவார்கள், சத்து வேருக்குப் போகட்டும் என்று. வேர் நன்றாகப் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். உலர்த்தாமல் நட்டால் வெட்டுவாய் வழியாகவே அழுகல் ஏறும். எனக்கு வந்தவை அத்தனையும் அப்படி நட்டவைதான்.

பைக்குள் இன்னொன்றும் பார்த்தேன். மேலே தூவியிருந்த நார்த்தூளை விலக்கினால் உள்ளே இறுக்கிப் பிடித்த களிமண் உருண்டை. பயணத்தில் குச்சி ஆடாமல் நிற்பதற்காக அது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றச் சொன்ன சீட்டையும் இந்தக் களிமண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வேருள்ள செடியே அதில் அழுகிவிடும். அழுகிய பிறகு "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று சொல்லிவிடலாம், பதிலை நிறுத்துவதற்கு முன் எனக்கும் கடைசியாக அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் சீட்டில் எழுதியதை எழுத்து மாறாமல் செய்தவர்களிடமே இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

சரி, அந்த நீலம். ஈரப் பஞ்சால் துடைத்தேன், பஞ்சு நீலமாகிவிட்டது. அடியில் இருந்தது வெளிறிய வெள்ளை. இந்தச் செடியின் சொந்த ஊர் மதகாஸ்கர். இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவின், அதாவது இன்றைய ரீயூனியனின், ஆளுநராக இருந்த மிலியஸ் 1821-ல் இதை பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். 1826-ல் அவர் பெயரிலேயே யூபோர்பியா மிலியை என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் தாய்லாந்துக்காரர்கள் இதை வேறு இனத்தோடு கலந்து, பூவை எத்தனையோ மடங்கு பெரிதாக்கி, சிவப்பு, ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை சாயல், வெள்ளை என்று ஏராளமான ரகங்களை உண்டாக்கினார்கள். அவ்வளவு உழைப்புக்குப் பிறகும் நீலம் வந்ததில்லை. எனவே நீல யூபோர்பியா என்று யார் படம் காட்டினாலும் அது ஒன்று சாயம், இல்லையென்றால் கணினியில் மாற்றிய படம். நிறம் கொஞ்சம் மாறுவது வேறு விஷயம். வெயில், வெப்பநிலை, பூவின் வயது இவற்றைப் பொறுத்து ரோஸ் அடர்வதும் மஞ்சளில் பச்சை ஏறுவதும் இயல்புதான். அதற்காக நேர்மையான விற்பனையாளரோடு சண்டை போடாதீர்கள்.

இப்போது அந்தப் பால் விஷயம். இதை எழுதும்போதுகூடக் கோபம் அடங்கவில்லை. அழுகிய தண்டுகளை நான் பிரித்தபோது என் அக்காவும் உதவிக்கு உட்கார்ந்திருந்தாள். பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டாள். முதலில் லேசான எரிச்சல்தான். சில மணி நேரத்தில் கண் சிவந்து வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், வலியில் துடித்துவிட்டாள். கண் மருத்துவர் பார்த்துவிட்டுக் கருவிழியின் மேற்பரப்பு புண்ணாகியிருக்கிறது என்றார். சொட்டு மருந்து போட்டு, நல்லவேளையாகப் பார்வைக்குச் சேதம் இல்லாமல் ஆறியது.

இந்தச் செடியும் நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளியும் யூபோர்பியா என்ற ஒரே பேரினம். கள்ளிப்பால் என்றால் எட்ட நிற்கும் நாம், பூச்செடி என்று சொன்னதும் மறந்துவிடுகிறோம். இந்தப் பால் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரலாம், கண்ணில் பட்டால் கண்ணின் உட்பகுதி வீங்கும் வரை போகலாம். நாயோ பூனையோ கடித்தால் அவற்றுக்கும் கேடு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான ஓடும் நீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, எரிச்சல் குறைந்ததுபோல இருந்தாலும் கண் மருத்துவரிடம் போங்கள். பாதிப்பு பல மணி நேரம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். போகும்போது செடியின் படத்தையும் காட்டுங்கள். இப்படிப்பட்ட பாலை மருவில் தடவச் சொல்லி அச்சடித்து அனுப்புகிறார்கள். எந்தக் குழந்தை முகத்தில் யார் தடவினார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வாங்கப் போகிறவர்கள் பூப் படத்தைக் கேட்காதீர்கள், வேர்ப் படத்தைக் கேளுங்கள். பையிலிருந்து செடியை வெளியே எடுத்து மண்ணை உதறிக் காட்டும் சின்ன வீடியோ போதும். நேர்மையானவர்கள் தயங்கமாட்டார்கள். இன்னும் சொன்னால், நல்ல விற்பனையாளர்கள் பலர் மண்ணே இல்லாமல், வேரைக் காகிதத்தில் சுற்றி, இலையும் பூவும் உதிர்ந்த நிலையில்தான் அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய்ந்த குச்சி போல வந்தாலும் வேர் இருந்தால் இந்தச் செடி துளிர்த்துவிடும். நேரில் வாங்கினால், தண்டின் அடியைக் கையுறையோடு பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். வேர் பிடித்த செடி மண்ணையும் சேர்த்துத் தூக்கும். குச்சி மட்டும் உருவிக்கொண்டு வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

விதைப் பொட்டலம் விற்பவர்களிடமும் கவனம். இந்தச் செடியின் காயில் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை, பழுத்ததும் வெடித்துச் சிதறிவிடும். நூறு விதை, கலப்பு நிறம் என்று மலிவாகப் பொட்டலம் போட்டு விற்கிற அளவுக்கு அது கிடைக்காது. கலப்பின விதை முளைத்தாலும் தாய்ச்செடியின் நிறம் வரும் என்று சொல்ல முடியாது. படத்தில் உள்ள பூ வேண்டுமென்றால் தண்டிலிருந்து வந்த கன்றுதான் வழி.

ஏற்கெனவே என்னைப்போல வேரில்லாக் குச்சி வந்து மாட்டிக்கொண்டவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கறுத்த பகுதிக்கு மேலே, உள்ளே பழுப்பு வளையம் ஏதும் தெரியாத இடம் வரை, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். பாலைக் கழுவி, சில நாள் காயவைத்து, பாதிக்குப் பாதி மணலும் மக்கிய உரம் கலந்த மண்ணும் போட்டு, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் தங்கிவிடும். வேர் பிடிக்கும் வரை வெளிச்சமுள்ள நிழல், அதன் பிறகு நல்ல வெயில். தினமும் பாதி நாளாவது நேரடி வெயில் கிடைத்தால்தான் பூ நிறைய வரும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். எனக்கு வந்தவற்றில் இரண்டு இப்படிப் பிழைத்தன. 

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பஞ்சில் சாயம் இறங்கியதை வீடியோ எடுத்திருந்ததால், விற்பனைத் தளம் அந்த நீலக் கன்றுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தந்தது. மற்றவற்றுக்குக் காலக்கெடு கடந்துவிட்டது, செடி வந்தபோது உயிரோடுதான் இருந்தது என்று புகாரை மூடிவிட்டார்கள். அதனால் கன்று வந்த அன்றே, பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பையைப் பிரித்து வேர் வரை பாருங்கள். வேர் இல்லையென்றால் விற்றவரோடு பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே தளத்தில் புகாரைப் பதிந்துவிடுங்கள்.