ரப்பர் வெட்டுக்காரங்க வீட்டு முதலீட்டுத் திட்டம்: ஒன்பது வருஷ அனுபவம்

2016 பிப்ரவரில ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்துல எழுதுன திட்டம் இது, இப்பவும் அதே நோட்டுதான். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் வீடு, நான் தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர், சம்பளம் கொஞ்சம்தான், அது போக மாமா வச்ச ரப்பர் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, 210 மரம் நின்னுச்சு. 2011-ல கிலோ 200-க்கு மேல வித்த ஷீட்டு (ரப்பர் பாலை உறைய வச்சு காயப்போட்ட தகடு) 2016 தொடக்கத்துல 100-க்கும் கீழ வந்துட்டு, அதுக்கு முந்தின வருஷந்தான் சீட்டு நடத்துன ஒருத்தர் பைசாவோட போயிட்டார், எங்களுக்கு 60,000 போச்சு. அப்பதான் ஒழுங்கா எழுதி வைக்கணும்னு உக்காந்தேன்.

முதல்ல செஞ்ச தப்பைச் சொல்லிடுறேன். எல்லாரும் சொல்றாங்கன்னு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுல (நிஃப்டிங்கறது 50 பெரிய கம்பெனிப் பங்கு விலையோட கணக்கு, அதே கம்பெனிகள்ல பைசா போடற ஃபண்டு இது) மாசம் 5,000 எஸ்ஐபி, அதாவது பேங்குல இருந்து மாசாமாசம் தானா எடுத்துக்கற முறை, 5-ஆம் தேதிக்குப் போட்டேன். ஜூன்ல மழை பிடிச்சா இங்க பால் வெட்டு (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கறது) நடக்காது, வெட்டுனாலும் பால் மழைத்தண்ணியோட போயிரும், ஜூன் ஜூலை ரெண்டு மாசமும் அக்கவுண்டுல பைசா இல்லாம எஸ்ஐபி திரும்பிட்டு, பேங்குல ரெண்டு தடவையும் அபராதம் பிடிச்சாங்க. மாசச் சம்பளக்காரங்களுக்குப் போட்ட கணக்கு நமக்கு அப்படியே ஒத்து வராதுங்க, இதை யாரும் எனக்குச் சொல்லல. எஸ்ஐபியை 2,000-ஆ குறைச்சேன், அது சம்பளத்துல இருந்து. ஷீட்டு வித்த பைசா வந்தா அன்னைக்கே மூணா பிரிச்சேன், ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு அவசரத்துக்கு பேங்க் டெபாசிட், ஒரு பங்கு அதே ஃபண்டுல கூடுதலா. ஒன்பது வருஷம் ஓடுனது இந்த முறைனாலதான்.

அவசரப் பங்கு ஏன்னு கேட்டா 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடிச்சு விடிஞ்சு பாத்தா 64 மரம் வேரோட கெடக்கு, ரோட்டுல போஸ்ட் எல்லாம் சாஞ்சு கரண்டும் இல்ல. அந்த டெபாசிட்டுல 48,000 இருந்துச்சு, அதை வச்சுத்தான் நாலு மாசம் கழிஞ்சுது, ஒரு பவுன் கூட அடகுக்குப் போகல. எங்க ஊர்ல கஷ்டம்னா முதல்ல கழுத்துல கிடக்கறதைத்தான் கழட்டுவாங்க, கேட்டியளா, அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

மகளுக்கு செல்வமகள் கணக்கு, பெண்பிள்ளைங்களுக்கான அரசாங்கச் சேமிப்புத் திட்டம், போஸ்ட் ஆபீஸ்ல 2016-லயே தொறந்தேன், அவளுக்கு ரெண்டு வயசு. அப்ப வட்டி 8.6 சதவீதம், 2020-ல 7.6-க்கு வந்துச்சு, 2024 ஜனவரில 8.2-க்கு ஏறுச்சு. பதினஞ்சு வருஷம் கட்டணும், 21-ஆவது வருஷம் முடியும். மாசம் 5-ஆம் தேதிக்குள்ள கட்டுனாதான் அந்த மாச வட்டி அந்தப் பைசாவுக்குச் சேரும், இது தெரியாம முதல் மூணு வருஷம் மாசக் கடைசில கட்டிட்டு இருந்தேன். இப்ப வருஷத்துக்கு உள்ளதை ஏப்ரல் 5-க்கு முன்னாடி ஒரே தடவையா கட்டிருவேன், டிசம்பர் ஜனவரில பால் நல்லா கிடைக்கும், அந்தப் பைசாதான்.

கொரோனா வந்த 2020 மார்ச்சைச் சொல்லியே ஆகணும். ஜனவரில 12,300-க்கு மேல இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்னைக்கு 7,600 கிட்ட முடிஞ்சுது. நான் அதுவரை போட்டது 1,32,000, ஆப்ல 99,000-னு காட்டுது, ஷீட்டு வாங்குற கடையும் பூட்டு, ஸ்கூல்ல பாதிச் சம்பளம். கொழுந்தன் "மதினி, மிச்சத்தையாவது எடுத்துருங்க"ன்னு போன் மேல போன். நோட்டை எடுத்தேன், முதல் பக்கத்துல என் கையெழுத்துல "இந்தப் பைசா 2035 வரை வேண்டாம்"னு இருக்கு. அன்னைக்கு ராத்திரி தூங்கல, ஆனா எடுக்கவும் இல்ல. அந்த வருஷம் முடியறதுக்குள்ள போட்டதுக்கு மேலயே வந்துட்டு. மனசுக்குள்ள மட்டும் வச்சிருந்தா கண்டிப்பா வித்திருப்பேன், எழுதி வைங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

வருஷத்துக்கு ஒரு நாள்தான் திட்டத்தைத் திருப்பிப் பாக்குறது, பிப்ரவரில இலை உதிர்ந்து வெட்டு நிக்கும்போது. 2019-ல அப்படிப் பாத்தப்பதான் ஏஜென்ட் மூலமா எடுத்த ஃபண்டுல கமிஷன் வருஷா வருஷம் போயிட்டே இருக்குன்னு தெரிஞ்சு ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானுக்கு மாத்துனேன். 2021-ல மாமா தவறுனப்ப அவரோட ஒரு டெபாசிட்டுல நாமினி போடாம இருந்ததுல வாரிசு சான்றிதழ் அது இதுன்னு எட்டு மாசம் அலைஞ்சோம், அதுக்குப் பெறகு எல்லாக் கணக்குக்கும் நாமினி பேரை நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வீட்டுக்காரர் கிட்டயும் காட்டியாச்சு.

தங்கம் பத்தி வீட்டுல இன்னும் சண்டைதான். பெண்பிள்ளை இருக்குல்ல, வருஷம் ஒரு பவுனாவது வேணும்னு அம்மா. நான் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சேன், விலை ஏறுன ஏத்தத்தைப் பாத்தா அம்மா சொன்னதுலயும் நியாயம் இருக்கத்தான் செய்யுது, அதை ஒத்துக்கிடறேன்.

இந்த பிப்ரவரில புதுசா ஒண்ணு எழுதுனேன். நிக்கிற மரத்துக்கு 24 வயசு, பால் குறைஞ்சு வருது, மூணு வருஷத்துல வெட்டி மாத்தணும், புதுசா வச்சா பால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். மரம் விக்கிற பைசா மறு நடவுக்கே சரியாப் போகும், நடுவுல வாழை, அன்னாசி போட்டாலும் மாசம் 4,000 துண்டு விழும், 84 மாசத்துக்கு 3,36,000. அதனால இப்ப ஷீட்டு பைசால ஃபண்டுக்குப் போற பங்கை நிறுத்திட்டு இந்தக் கணக்குக்குன்னு தனி டெபாசிட்ல போடறேன், இதுவரை 90,000 ஆயிருக்கு.