தட்டுப்பாட்டு டிசம்பரில் வான்கோழி: பிரிட்டனில் எதை வாங்கினால் கட்டுப்படியாகும்?

கிறிஸ்துமஸ் விருந்து வான்கோழிக்குத் தட்டுப்பாடு என்று செய்தி வந்ததும் பிரிட்டனில் புதிதாகக் குடியேறியவர்கள் முந்தியடித்துக்கொண்டு கசாப்புக் கடையில் முன்பணம் கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. வான்கோழி என்ற ஒரே பெயரில் கடையில் நான்கைந்து சரக்கு இருக்கிறது. ஒன்று கிடைக்காமல் போனால் மற்றவையும் கிடைக்காது என்று அர்த்தமில்லை. எனவே முதலில் கேட்க வேண்டியது, தட்டுப்பாடு எதனால் வந்தது என்பதைத்தான்.

2022 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது வான்கோழிக்குப் பேர்போன கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளை. அக்டோபர் 12 முதல் அங்கும் எஸ்ஸெக்ஸின் சில பகுதிகளிலும், நவம்பர் 7 முதல் இங்கிலாந்து முழுக்கவும் பறவைகளைக் கூரைக்குள் அடைத்து வைக்க உத்தரவு வந்தது. 'ஃப்ரீ ரேஞ்ச்' என்று விற்கும் மேய்ச்சல் வான்கோழிகள் சுமார் 13 லட்சத்தில் 6 லட்சம் வரை செத்தன அல்லது அழிக்கப்பட்டன என்று கோழித் தொழில் கவுன்சில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. கறிக்கோழி என்றால் ஐந்தாறு வாரத்தில் அடுத்த ஈடு தயாராகிவிடும். கிறிஸ்துமஸ் வான்கோழிக் குஞ்சு கோடையிலேயே பண்ணைக்கு வந்துவிடுவதால், அக்டோபரில் காலியான கொட்டகையை டிசம்பருக்குள் நிரப்ப வழியே இல்லை. ஃப்ரோசன் வான்கோழியின் கதை வேறு. அதில் பெரும்பகுதி மாதங்களுக்கு முன்பே அறுத்து உறைய வைத்தது. அடி விழுந்தது ஃப்ரெஷ் சரக்குக்குத்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு நிலைமை நேர்மாறு. 2021-ல் பறவை இருந்தது, அறுத்துப் பொட்டலம் போட ஆள் இல்லை. அரசாங்கம் கோழித் தொழிலாளர்களுக்கு 5,500 தற்காலிக விசா அறிவித்தது. ஆள் பற்றாக்குறை வந்தால் எலும்பெடுத்துச் சுருட்டிக் கட்டிய ரோல் மாதிரி கைவேலை பிடிக்கும் சரக்குதான் முதலில் குறையும், முழுப் பறவை தப்பிக்கும். நோய் என்றால் ஃப்ரோசன் பக்கம், ஆள் இல்லை என்றால் முழுப் பறவை பக்கம் போக வேண்டும்.

விலைச்சீட்டை எப்படிப் படிப்பது

கிலோ விலை ஏமாற்றும். தட்டுக்கு வரும் கறி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எலும்பும் வேகும்போது வற்றும் நீரும் போக, முழுப் பறவையில் ஏறத்தாழ பாதிதான் கறியாகத் தேறும். காலும் இறக்கையும் நீக்கி நெஞ்சை மட்டும் எலும்போடு விற்கும் கிரவுனில் 60 சதவீதம், எலும்பில்லாத தொடையிலும் நெஞ்சு ரோலிலும் 70, கணைக்காலில் 45. எல்லாம் தோராயக் கணக்கு.

உங்கள் கடை விலையை இந்த விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக மட்டும் ஒரு விலை வைத்துக்கொள்வோம். முழு ஃப்ரோசன் கிலோ 4 பவுண்ட் என்றால் வெந்த கறி கிலோ 8 பவுண்ட். கிரவுன் 10 என்றால் கிட்டத்தட்ட 17. எலும்பில்லாத தொடை 7 என்றால் 10. கிரவுன் இருவருக்கோ மூவருக்கோ வசதி என்பார்கள். அந்த வசதிக்குக் கொடுக்கிற விலை இரண்டு மடங்கு. எங்கள் பார்வையில், தட்டுப்பாட்டு ஆண்டில் கிரவுனைத் தொடாமலிருப்பதே நல்லது.

ஃப்ரோசன் முழுப் பறவை

ஆறு பேருக்கு மேல் சாப்பிடுவதாக இருந்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலைக்கு அரைக் கிலோ கணக்கு, 4.5 கிலோ பறவை எட்டு ஒன்பது பேருக்குத் தாராளம். நவம்பரிலேயே வாங்கிவிடலாம். ஆனால் வாங்குமுன் இரண்டு அளவு எடுங்கள்: ஃப்ரீசர் அறையின் உயரம், ஓவன் தட்டின் உள் அகலம். வாடகை வீட்டு ஓவன் பலதில் 6 கிலோ பறவை நுழைந்தாலும் மேல் கம்பியில் இடித்துத் தோல் கருகும்.

பின்பக்க லேபிளைப் படிக்காமல் கூடையில் போடாதீர்கள். 'பேஸ்டட்' என்றிருந்தால் தண்ணீர், உப்பு, எண்ணெய் கலந்த கரைசல் ஏற்றியது. தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அதற்கு மேல் நம் வழக்கப்படி உப்பு தடவி ஊற வைத்தால் கறி கரிக்கும். உப்பு சேர்க்காத பறவைக்கு மட்டும் கிலோவுக்கு 10 கிராம் உப்பு, முதல் நாள் இரவே தடவலாம்.

கவிழ்வது எப்போதும் ஐஸ் விடும் இடத்தில்தான். ஃப்ரிட்ஜுக்குள் கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம். 5 கிலோ பறவைக்கு 60 மணி வரை போகும். 25-ஆம் தேதி காலை 9 மணிக்கு ஓவனில் ஏற்ற வேண்டுமானால் 22-ஆம் தேதி இரவு 9 மணி கடைசிக் கெடு. காலையிலேயே எடுத்து வைப்பது உத்தமம். கீழ்த் தட்டில், ஓரம் உயர்ந்த பாத்திரத்தில் வையுங்கள், சிவந்த நீர் கொட்டும். இடமில்லை என்று தோட்டத்துக் கொட்டகையில் வைக்க நினைப்பவர்களுக்கு: லண்டன் டிசம்பர் பகலில் 10 டிகிரியையும் தாண்டும், நரிக்கும் மூக்கு உண்டு.

24-ஆம் தேதி பார்த்தால் இன்னும் கல்லாக இருக்கிறதா? கசியாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வெந்நீர் கூடாது. மேல்கறி கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும், நடுவில் பனிக்கட்டி அப்படியே நிற்கும். ஐஸ் விட்டதா என்று தெரிய வயிற்றுக் குழிக்குள் கையை விடுங்கள். ஈரலும் கழுத்தும் அடங்கிய பை உள்ளே ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் விடவில்லை. அந்தப் பையோடேயே ஓவனில் ஏற்றுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கழுவவும் வேண்டாம். நம் வீடுகளில் மஞ்சள் போட்டு அலசாமல் மனசு வராது, ஆனால் தெறிக்கும் நீரில் கேம்பைலோபேக்டர் கிருமி சிங்க் முழுக்கப் பரவும்.

வேகும் நேரத்தில் ஒரு வேடிக்கை. 180 டிகிரியில் 4.5 கிலோவுக்குக் குறைந்த பறவைக்குக் கிலோவுக்கு 45 நிமிடமும் கூடுதலாக 20 நிமிடமும், 4.5 முதல் 6.5 கிலோ வரை கிலோவுக்கு 40 நிமிடம். ஆக, 4 கிலோவும் 5 கிலோவும் அதே 3 மணி 20 நிமிடம்தான். தயிர், மிளகாய் மசாலாவைத் தோல்மேல் அப்பினால் இத்தனை நேரத்தில் கருகிக் கசக்கும். விரலை நுழைத்து நெஞ்சுத் தோலைக் கிழியாமல் தளர்த்தி, மசாலாவை அடியில் தடவுங்கள். மேலே ஃபாயில் மூடி, கடைசி 40 நிமிடம் மட்டும் திறந்து வையுங்கள். தொடையின் தடித்த பகுதியில் 70 டிகிரி 2 நிமிடம் நின்றால் போதும்.

கசாப்புக் கடையில் சொல்லி வைக்கும் ஃப்ரெஷ் பறவை

ருசி இதில்தான் அதிகம், மறுப்பதற்கில்லை. ஹலால் வேண்டுவோருக்கும் இதுவே நேர்வழி. ஆனால் முன்பணம் கட்டும்போது, பறவை வராவிட்டால் பணம் திரும்புமா, சொன்ன எடைக்குப் பதில் பெரிய பறவை வந்தால் கூடுதல் எடைக்கு யார் காசு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தட்டுப்பாட்டில் 4 கிலோ கேட்டவர் கையில் 7 கிலோ வந்து விழுவதுண்டு. இன்னொன்று: 2022-ல் இங்கிலாந்தில் முன்கூட்டியே அறுத்து உறைய வைத்த பறவையை, நவம்பர் 28 முதல் டிசம்பர் 31 வரை ஐஸ் விட்டு விற்கச் சலுகை கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சரக்குக்கு ஃப்ரெஷ் விலை கொடுப்பதில் பொருளில்லை. பச்சையாக மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

தொடை, கணைக்கால், அல்லது இரண்டு கோழி

நான்கு பேருக்குள் என்றால் தொடைதான் எங்கள் தேர்வு. நெஞ்சுக்கறி வறண்டு போகும். தொடையில் கொழுப்பு இருப்பதால் குழம்புக்கும் பிரியாணிக்கும் தாங்கும். எலும்போடு குக்கரில் நான்கு விசில் விட்டுப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு. கணைக்கால் இதையும்விட மலிவு, ஆனால் கறிக்குள் மீன்முள் போல விறைத்த நரம்புகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். வெந்தபின் ஒவ்வொன்றாக உருவி எடுக்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மேசையில் முழுப் பறவை இருந்தே ஆக வேண்டும் என்றால் 2 கிலோக் கோழி இரண்டை அருகருகே வையுங்கள். ஒவ்வொன்றின் எடைக்குத்தான் நேரக் கணக்கு என்பதால் 1 மணி 50 நிமிடத்தில் வேலை முடியும், கால் துண்டும் நான்கு கிடைக்கும். வாத்து வேண்டாம். கொழுப்பாக உருகிப் போவது போகத் தேறுவது குறைவு, விலையோ வானத்தில்.

24-ஆம் தேதி மாலை மஞ்சள் ஸ்டிக்கர் தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்க 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுவதால், விற்காத ஃப்ரெஷ் சரக்கை அன்றைக்கே தள்ளப் பார்ப்பார்கள். தட்டுப்பாட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் யாருக்கும் அடங்காத 7, 8 கிலோ பறவைதான். ஓவனில் போகாதே என்று விட்டுவிட வேண்டாம். தொடை உடம்போடு சேரும் இடத்தில் தோலைக் கீறி, காலை வெளிப்பக்கம் மடக்கினால் மூட்டு கழன்று வெளியே தெரியும். அந்த மூட்டுக்குள் கத்தியை விட்டால் எலும்பை வெட்டாமலே கால் கையோடு வரும். நெஞ்சு ஓவனுக்கு, கால்கள் ஃப்ரீசருக்கு. லேபிளில் முன்பே உறைய வைத்தது என்றிருந்தால் கால்களை அன்றிரவே குழம்பு வைத்து, ஆறியதும் குழம்பை ஃப்ரீசரில் வையுங்கள்.